கடைசி வீட்டுக்கு மஞ்சள் வைத்த கை

வேம்புக்கு எதுவும் சட்டென்று பிடிபடாது. யாராவது ஒன்று சொன்னால் அதை முந்தானையில் முடிந்துகொண்டவள் போல வீட்டுக்கு எடுத்துப் போவாள். அடுப்பு ஊதும்போது ஒரு தடவை, முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்ப்பாள். மறுநாள்தான் அதற்குப் பதில் கிடைக்கும். அதற்குள் கேட்டவர் கேட்டதையே மறந்திருப்பார். ஆகவே அவளை ஊமைக்கோட்டான் என்று பக்கத்துக் குடிசைச் செங்கமலம் கூப்பிடுவாள். வேம்பு அதற்கும் மறுநாள்தான் கோபப்படுவாள்.

அரியலூருக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் குவாரியின் விளிம்பில் ஒரு வரிசைக் குடிசைகள் இருந்தன. பனையோலைக் கூரை, மண்சுவர். வேம்பும் அவள் புருஷன் அரியமுத்துவும் அங்கேதான் குடியிருந்தார்கள். அவள் கல் உடைப்பாள், அவன் லாரியில் ஏற்றுவான். வெடி வைக்கும் நேரத்தில் சங்கு ஊதினால் எல்லாரும் வெளியே வந்து நிற்க வேண்டும். குவாரி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிசைகளை நோக்கி வந்தது. எண்பத்து நான்காம் வருஷம் மழைக்கு முன்னால், வரிசையின் கடைசிக் குடிசைக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு மாடு கட்டுகிற இடம்தான் மிச்சம் இருந்தது. அடுத்த கோடைக்குள் எல்லாரும் காலி செய்துவிட வேண்டும் என்று குவாரிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் மாதா கோயில் சாமியார் அருளப்பன் வந்தார். வெள்ளை அங்கி, சைக்கிள், காலில் ரப்பர் செருப்பு. குடிசைகளின் நடுவே ஒரு பாயில் உட்கார்ந்து, கிறிஸ்தவ வீட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் சார்பில் வந்திருக்கிறேன் என்றார். சங்கம் ரோட்டுப் பக்கமாக ஒரு மேட்டு நிலம் வாங்கியிருக்கிறது, அதில் ஆளுக்கொரு வீடு, செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, பத்திரம் வீட்டுப் பெண்ணின் பேரில். தானமாக இல்லை. மாதாமாதம் முடிந்ததைக் கட்ட வேண்டும், வட்டி கிடையாது. கட்டுகிற காசு சங்கத்துக்குப் போகாது, அடுத்த ஊரில் இதே மாதிரி இன்னொரு வரிசை கட்டுவதற்குப் போகும். அப்புறம், கூலி கொடுத்து எல்லாம் செய்ய முடியாது. கொத்தனார் மட்டும்தான் கூலிக்கு. மற்ற வேலையெல்லாம் குடும்பங்களே செய்ய வேண்டும், தன் வீடு அடுத்தவர் வீடு என்று பார்க்காமல்.

"எது யாரு வூடுன்னு கட்டி முடிச்சப்புறம் சீட்டு போட்டுத்தான் தெரியும். அப்பத்தான் எல்லாச் சொவத்தையும் நம்ம சொவருன்னு கட்டுவீங்க" என்றார் சாமியார்.

"சாமி, நாங்க வேதத்துல சேரணுமா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "தலையில தண்ணி ஊத்திப் பேர மாத்திடுவாங்கன்னு சொல்றாங்களே."

"தண்ணிய சொவத்துக்கு ஊத்துங்க பெரியவரே. தலைக்கு ஊத்த நான் வரல."

எல்லாரும் சிரித்தார்கள். செங்கமலம் மட்டும் வேம்பின் காதில், "வட்டி வாங்காம எவன்டி குடுப்பான்? இதுல என்னமோ சூது இருக்கு" என்றாள்.

அன்று இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வேம்பு புருஷனைக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம வூட்டுக்குக் காசு குடுக்கறது யாரு?"

"எவனோ. முன்னால கட்டுனவங்க. வெளிநாட்டுக்காரங்களும் குடுக்கறாங்களாம்."

"நாம அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கலியா?"

"இல்ல. வேற ஊருக்காரனுக்குக் குடுக்கறோம்."

"அவன் நமக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன ஏன் அவனுக்குக் குடுக்கறோம்?"

"அதான் எனக்கும் தெரியல. சோத்தப் போடு" என்றான் அரியமுத்து. சொல்லிவிட்டு இருமினான். கல் தூசு அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்து வெகு நாளாயிற்று. காலையில் எழுந்ததும் இருமுவான், லாரியில் ஏறும்போது இருமுவான், சிரித்தாலும் இருமுவான். வேம்புக்கு உலகத்தில் எத்தனையோ விஷயம் புரியாது, ஆனால் இந்த இருமல் நின்றால் நல்லது என்பது மட்டும் தெளிவாகப் புரியும்.

வேலை தை மாதம் தொடங்கியது. கடைக்கால் போட்ட அன்று சாமியார் ஜெபம் சொன்னார், கொத்தனார் தேங்காய் உடைத்தார், சங்கத்து மேஸ்திரி அண்ணாதுரை இரண்டையும் கவனிக்காமல் டேப்பைப் பிடித்து நீளம் அளந்துகொண்டிருந்தார். அண்ணாதுரை இளைஞர். பாலிடெக்னிக் படித்தவர். சாமி இல்லை என்பவர். அவருக்கு எப்படிக் கிறிஸ்தவச் சங்கத்தில் வேலை கிடைத்தது என்பது வேம்புக்குப் புரியாத இன்னொன்று.

குவாரி வேலை முடிந்து பெண்கள் மேட்டுக்கு வருவார்கள். மணல் சலிப்பார்கள், சட்டியில் கலவை சுமப்பார்கள். செங்கல்லைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்துக்கொண்டே ஊர் வம்பு பேசுவார்கள். முதல் வீட்டுச் சுவர் எழும்பி வாசல் நிலை நிறுத்தும் நாள் வந்தது. நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பூச்சுற்றித்தான் நிறுத்துவார்கள். அந்த வீட்டுக்கு வாழ வரும் சுமங்கலிதான் அதைச் செய்ய வேண்டும். இங்கே வாழ வருவது யார் என்றே தெரியாதே என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"யாராச்சும் ஒருத்தங்க வைங்க" என்றார் அண்ணாதுரை. பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டார். அவள் வைத்தாள். இப்படியே ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைக்கு எவள் கிட்டத்தில் நின்றாளோ அவள் வைத்தாள்.

கிணற்றடி வீட்டுக்கு வேம்பு வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். மஞ்சளை அடியிலிருந்து மேலே இழுத்துப் பூசினாள். குங்குமம் வைத்தாள். கொத்தனார் நிலையைத் தூக்கி நிறுத்தித் தூக்குக்குண்டு விட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்தார். அப்போதே வேம்பு மனசுக்குள் அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். சீட்டு என்று சாமியார் சொன்னது அவளுக்கு மறந்துபோகவில்லை. ஆனால் மஞ்சள் வைத்தவளுக்குத்தான் வீடு என்பது அவளுக்கு அதைவிடப் பழைய சட்டமாகத் தெரிந்தது. சாமியார் சொன்னது சாமியார் வேலை, நடக்கப்போவது இதுதான் என்று எப்படியோ எண்ணிக்கொண்டாள்.

அவள் மட்டும் இல்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தான் எண்ணினார்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சுவருக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் தெரிந்தது. எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஊற்ற வேண்டும் என்று அண்ணாதுரை சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொருத்தியும் தான் மஞ்சள் வைத்த வீட்டுச் சுவருக்கு இரண்டு குடம் கூடுதலாக ஊற்றினாள். வேம்பு கிணற்றடி வீட்டுச் சுவரைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல நனைத்தாள்.

கடைசி வீட்டுக்கு நிலை வைத்த அன்று குவாரியில் சம்பளம் போடுகிற நாள். பெண்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். மேட்டில் இருந்தது வேம்பும் கொளஞ்சியம்மாளும்தான். கொளஞ்சியம்மாள் வேம்பைவிட மூத்தவள், ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவள். புருஷன் பாம்பு கடித்துச் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

கொத்தனார் நிலைக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சார், நல்ல நேரம் போவுது. சட்டுனு மஞ்ச வைக்கச் சொல்லுங்க" என்று கத்தினார். வேம்பு கிணற்றுக்குப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பி வந்து செங்கல் அடுக்குக்குப் பின்னால் வந்தபோது அண்ணாதுரை தட்டைக் கொளஞ்சியம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நானா சார்?"

"ஆமாங்க, வேற யாரு இருக்காங்க இங்க? சீக்கிரம்."

கொளஞ்சியம்மாள் தட்டைப் பார்த்தாள். அண்ணாதுரைக்கு விஷயம் புரியவில்லை. தாலி இல்லாத கழுத்தையும் பொட்டில்லாத நெற்றியையும் அவர் பார்த்திருப்பார், ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கொத்தனாருக்கோ நிலைக்கால் மறைத்ததில் ஒரு கை மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கை மஞ்சளை அள்ளிப் பூசியது. குங்குமமும் வைத்தது.

வேம்பு குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். "இருங்க சார், நான் வைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வழக்கம் போல அது தொண்டைக்கு வந்து சேரும் முன்னே எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. இது கடைசி வீடு. நம் வீடு கிணற்றடி வீடு. எவள் தலையில் விழுமோ விழட்டும், நமக்கென்ன. அப்படி நினைத்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

கொளஞ்சியம்மாள் திரும்பியபோது வேம்பைப் பார்த்தாள். வேம்பு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடி வீட்டுப் பக்கம் போனாள். அன்றிலிருந்து கடைசி வீட்டுச் சுவருக்குக் கொளஞ்சியம்மாள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

பங்குனியில் ஓடு வேய்ந்து முடிந்தது. ஒரு புதன்கிழமை சீட்டுப் போட்டார்கள். ஒரு எவர்சில்வர் சொம்பில் சீட்டுகளைச் சுருட்டிப் போட்டுச் சாமியார் குலுக்கினார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து எடுத்தார்கள். அண்ணாதுரை பிரித்துப் படித்தார்.

கிணற்றடி வீடு செங்கமலத்துக்கு.

கடைசி வீடு வேம்புக்கு.

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. மஞ்சள் வைத்த வீடு யாருக்கும் விழவில்லை. "நான் வச்சது நடு வூடு சாமி, எனக்கு ஏன் முதல் வூடு?" என்று ஒருத்தி. "என் சொவத்துக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி இடுப்பு போச்சு, அதுல இவ வந்து குந்துவாளா?" என்று இன்னொருத்தி. சாமியார் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். புரிந்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"மாத்திக்க விட்டா நாளைக்கு ஊரே சண்ட. அப்படி யாராச்சும் மாத்தியே ஆவணும்னா, ஞாயித்துக்கெழம சாவி குடுக்கும்போது ரெண்டு பேரும் எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுக் காரணம் சொல்லணும். காரணம் ஞாயமா இருந்தா மாத்திக்கலாம். இல்ல, எனக்கு வூடே வேணாம்னா அதையும் அப்பவே சொல்லிடணும். காத்திருக்கறவங்க இருக்காங்க."

செங்கமலம் வேம்பிடம் வந்தாள். "ஊமைக்கோட்டான், நீ ஊத்துன தண்ணிக்கு எனக்குச் சொவரு கல்லா நிக்குதுடி. நல்லாருப்ப."

அரியமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். "கடைசி வூடுன்னா ஒரு பக்கம் பூரா காத்து. நெஞ்சுக்கு நல்லது" என்றான். வேம்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலியறுத்தவள் கை வைத்த நிலை. அதன் வழியாகப் புருஷனோடு உள்ளே போக வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. இருமல் வேறு இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் வீடு போய்விடும், கோடைக்குள் குடிசையும் போய்விடும். காரணம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றால் எல்லார் முன்னாலும் கொளஞ்சியம்மாள் பேரைச் சொல்ல வேண்டும். நம் தலையில் விழாது என்று நினைத்தபோது சும்மா இருந்துவிட்டு, விழுந்ததும் ஊரைக் கூட்டுவதா? அரியமுத்துவிடம் சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. சிரித்தாலும் சிரிப்பான், அடித்தாலும் அடிப்பான். எந்தப் பக்கம் நினைத்தாலும் ஒரு முடிச்சு. கல்லை உடைக்கப் போனால் சம்மட்டி விரலில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை குவாரியில் கொளஞ்சியம்மாள் தன் கல்குவியலை விட்டுவிட்டு வேம்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி நீ பாத்த."

வேம்பு சம்மட்டியைக் கீழே வைத்தாள்.

"சத்தியமா சொல்றேன் வேம்பு, அது எனக்கே விழும்னு நெனச்சேன். நான் வச்சது என் தலையிலயே விழட்டும், என்கிட்ட இனிமே போறதுக்கு என்ன இருக்குன்னுதான் தண்ணி ஊத்தினேன். ஒனக்கு விழும்னு நெனைக்கல."

"அக்கா..."

"ஞாயித்துக்கெழம நான் எந்திரிச்சு நடந்தத சொல்லிடறேன். எனக்கு விழுந்த நடு வூட்ட நீ எடுத்துக்க. நீ வாயத் தெறக்க வேணாம், ஆமான்னு தலையாட்டு, போதும்."

"எல்லாரும் ஒன்ன என்ன சொல்லுவாங்கக்கா?"

"என்ன சொல்லுவாங்க? மஞ்சத் தட்டப் பாத்ததும் ஆச வந்துடுச்சு இவளுக்குன்னு சொல்லுவாங்க." கொளஞ்சியம்மாள் ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "ஆச வரலன்னு எப்படிச் சொல்றது? வந்துச்சு."

வேம்பு சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சங்கு ஊதியது. இருவரும் எழுந்து வெளியே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரம். மேட்டில் ஒரு மேசை, மேசைமேல் சாவிகள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். செங்கமலம் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இந்த முடிச்ச இனி எவனும் அவுக்க முடியாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வேம்புக்குச் சிரிப்பு வரவில்லை. தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை நினைத்ததும் கழுத்து விறைத்துக்கொண்டது போல் இருந்தது. பக்கத்தில் அரியமுத்து வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். இருமலை அடக்கியதில் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"வேம்பு, க/பெ அரியமுத்து" என்று படித்தார் அண்ணாதுரை.

அவள் எழுவதற்குள் கொளஞ்சியம்மாள் எழுந்துவிட்டாள். துவைத்த புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"சாமி, ஒரு விசயம் சொல்லணும். கடைசி வூட்டு நெல வச்ச அன்னிக்கி..."

பேச்சு அடங்கியது. எல்லாத் தலையும் கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பியது. "இவளுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் செங்கமலம். அண்ணாதுரை கையில் சாவியோடு நின்றார். கொளஞ்சியம்மாளின் கண் வேம்பின் தலையைப் பார்த்தது, அது ஆடுமா என்று.

வேம்பு விறுவிறு என்று மேசைக்கு நடந்தாள்.

"சாவியக் குடுங்க சார்."

"இருங்கம்மா, அவங்க ஏதோ..."

"என் வூட்டுச் சாவி. குடுங்க. வெயில் ஏறுது."

அண்ணாதுரை கொடுத்தார் என்பதைவிட அவள் பிடுங்கிக்கொண்டாள் என்பதுதான் சரி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஊமைக்கோட்டானுக்கு வாய் வந்துடுச்சு டோய்" என்று ஒரு குரல். சாமியாரும் சிரித்துவிட்டு, "கொளஞ்சியம்மா, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றார்.

கொளஞ்சியம்மாள் வேம்பின் முதுகைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. அன்னிக்கி நல்ல நேரம் தப்பல. கொத்தனாரு சொன்னாரு. அதத்தான் சொல்ல வந்தேன்" என்று உட்கார்ந்தாள்.

சாவி கைக்கு வந்துவிட்டதே தவிர வேம்புக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வீட்டு வாசலில் அரியமுத்து வலது காலை எடுத்து வைத்தபோது அவள் நிலையில் காய்ந்திருந்த மஞ்சளையே பார்த்தாள். அவன் உள்ளே போய், நடுவில் நின்று, மேலே ஓட்டைப் பார்த்து, அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து இருமினான். வெறும் வீடு. இருமல் நாலு சுவரிலும் பட்டுப் பெரிசாகக் கேட்டது. வேம்பு வெளியிலேயே நின்றாள். இப்போதுகூடத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. பிறகு அவன் உள்ளேயிருந்து, "இந்தா, அடுப்பு எந்த மூலையில போடறது?" என்று கூப்பிட்டான். அவள் உள்ளே போனாள்.

சாயங்காலம் கொளஞ்சியம்மாள் தெருவில் வந்து நின்றாள்.

"ஏன்டி அப்படிப் பண்ணின?"

"தெரியலக்கா."

"பயமா இல்லயா?"

"இருக்கு."

"பின்ன ஏன்டி?"

"அதான் சொல்றேனே, தெரியல."

கொளஞ்சியம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "நல்ல ஆளுடி நீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பாராட்டா திட்டா என்று வேம்பு மறுநாள் வரை யோசித்தாள். அப்போதும் தெரியவில்லை.

குடிசை வரிசை இருந்த இடம் அந்தக் கோடையில் பள்ளத்தோடு பள்ளமாகப் போயிற்று. வேம்பு மாதாமாதம் காசு கட்டினாள். அது பெரம்பலூர்ப் பக்கம் ஏதோ ஓர் ஊருக்குப் போயிற்று. அங்கே யாருக்கோ அவள் காசில் செங்கல் வாங்கினார்கள். ஏன் என்பது அவளுக்குக் கடைசி வரை முழுசாகப் புரியவில்லை, ஆனாலும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பத்திரத்தில் அவள் பேர் ஏறியது. அரியமுத்துவின் இருமல் நிற்கவும் இல்லை, முற்றவும் இல்லை. மழைக்காலத்தில் கூடும், சித்திரையில் குறையும். குறைந்த நாளில் வேம்பு ஒன்றும் நினைக்க மாட்டாள். கூடிய நாளில், குடிசையில் இருந்திருந்தாலும் இப்படித்தான் இருமியிருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டு, அது நிஜம்தானா என்று சந்தேகப்படுவாள். அவனிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

கொளஞ்சியம்மாள் தினமும் வருவாள். வந்ததும் வாசலுக்கு வெளியே நின்றபடியே, "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பாள்.

"இருக்காருக்கா. டீக்கடைக்குப் போயிருக்காரு" என்பாள் வேம்பு.

அதன் பிறகுதான் உள்ளே வந்து உட்காருவாள்.

ஒரு நாள் அரியமுத்து உள்ளே படுத்திருந்தபோது அந்தக் கேள்வி அவன் காதில் விழுந்துவிட்டது. அவள் போனதும் எழுந்து வந்தான்.

"ஏன் வேம்பு, பெத்த தாயிகூட என்ன தெனமும் கேக்க மாட்டா. இந்தக் கொளஞ்சிக்கு எம்மேல என்ன அவ்வளவு அக்கற?"

வேம்பு அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.